முப்பத்தொன்பதா, நாற்பதா

அவளுக்கென்று ஒரு பெயர் வீட்டில் இருந்தது. தொழிற்சாலையில் அது யாருக்கும் தெரியாது. வாட்ச்மேனில் இருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்காதான். மெத்தைக்கு ஃபோம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, எண்களில் புள்ளிக்குப் பின்னால் தேவையில்லாமல் தொங்குவதை எல்லாம் இரக்கமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

உலகத்தில் பாதிப் பேர் அளக்காமலே எண் சொல்கிறார்கள், மீதிப் பேர் அளந்ததைவிட அதிகமாகச் சொல்கிறார்கள் என்பது அவளுடைய தீராத எரிச்சல். எதிர்வீட்டுக்காரர் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும், லிட்டருக்கு 62.5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எப்படி அளந்தீர்கள் என்று அவள் கேட்டாள். டேங்க்கில் சுமாராக இரண்டு லிட்டர் இருந்ததாம், கடைசி வரை ஓட்டினாராம், மீட்டர் 125 காட்டியதாம். சுமாரான இரண்டை வைத்துக்கொண்டு புள்ளி ஐந்து வரைக்கும் போகக்கூடாது, அறுபது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் அந்த இரண்டு உண்மையாக இருந்தால் என்றாள். அன்றிலிருந்து அவர் இவளைக் கண்டால் வண்டியை வேகமாகக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. கணவர் பெயின்டர். ஒரு டப்பா இரண்டு ரூமுக்கு வரும் என்பது அவருடைய நிரந்தரக் கணக்கு. எத்தனை லிட்டர் டப்பா, எத்தனை சதுர மீட்டர் சுவர் என்று இவள் கேட்டால், டப்பா என்றால் டப்பா, ரூம் என்றால் ரூம் என்று பதில் வரும்.

"டப்பாவை ரூமால வகுத்தா என்னங்க வரும்?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"பெயின்ட் வரும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த மனிதர் அடித்த சுவர் எதிலும் பெயின்ட் பற்றாமல் போனதில்லை என்பது அந்த எரிச்சலை இன்னும் கூட்டியது.

சோதனை அறை கொதிகலன் கொட்டகைக்கும் கலவைக் கூடத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், சுவரோரம் அடுக்கிய ஃபோம் துண்டுகள். எந்த நேரமும் ரசாயன மருந்து வாசனை. வேலை என்னவோ எளிமையானதுதான். ஒவ்வொரு பேட்ச்சில் இருந்தும் கையளவு துண்டு ஒன்றை வெட்டிக் கொண்டுவருவார்கள். அதன் நீளம், அகலம், தடிமன் அளந்து பெருக்கினால் கன அளவு. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று ஒரே ஒரு எண். அந்த எண்ணை வைத்துத்தான் ஃபோம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிறதா, சோபாவின் முதுகுக்குப் போகிறதா என்று முடிவாகும். அடர்த்தி குறைந்த ஃபோமில் நோயாளியைப் படுக்க வைத்தால் கொஞ்ச நாளில் பள்ளம் விழுந்து, முதுகு கட்டில் பலகையில் இடிக்கும். அதனால் ஆஸ்பத்திரி மெத்தைக்கு நாற்பதுக்குக் குறையக்கூடாது என்று வாங்குகிறவர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

இதில் தொல்லை பிடித்தது தடிமன். நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை நன்றாகவே பார்த்துவிடலாம், 10.2 என்றால் மூன்று இலக்கம், மூன்றையும் நம்பலாம். தடிமன் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான். ஸ்கேலைக் கொஞ்சம் அழுத்தினால் ஃபோம் அமுங்கும், விட்டால் எழும்பும். 5.1 என்று இரண்டு இலக்கம் சொல்வதற்கே மூச்சை அடக்கிக்கொண்டு அளக்க வேண்டும். மற்றதையெல்லாம் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், இந்த இரண்டு இலக்கத்தோடு பெருக்கி வகுத்து வருகிற விடையில் இரண்டு இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது. கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டும். அது கால்குலேட்டரின் குணம். அதற்கு ஃபோமும் தெரியாது, ஸ்கேலும் தெரியாது.

எனவே புள்ளியக்கா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். தடிமனில் இரண்டு இலக்கம் என்றால் எடையையும் முதலிலேயே இரண்டு இலக்கமாக வெட்டிவிடுவாள். கன அளவையும் அப்படியே. வகுப்பதற்கு முன்பே எல்லாம் சுத்தமாக இருந்தால் கடைசியில் சண்டை இருக்காது என்பது அவள் கட்சி. பார்க்க அழகாக இருக்கும். இருபது வருடத்தில் யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை, கேட்கிற அளவுக்கு யாருக்கும் அதில் அக்கறையும் இருந்ததில்லை.

அந்த வருடம் புது இன்ஜினியர் ஒருத்தி வந்தாள். ஒல்லியான பெண், மரியாதை தெரிந்தவள், அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். வந்த கொஞ்ச நாளிலேயே சோதனை அறையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அளவுகளை அதில் தட்டினால் போதும், அடர்த்தியை அதுவே வகுத்து, நாற்பதுக்கு மேல் என்றால் பச்சையிலும் கீழே என்றால் சிவப்பிலும் காட்டும். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம். புள்ளியக்காவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்குள் செருப்போடு யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது. அந்த நாலில் ஒன்றுகூட உண்மையில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. அதை அழிக்க நேரம் வரவில்லை அக்கா, பார்த்துக்கொள்ளலாம் என்றாள் இன்ஜினியர். மேனேஜருக்கோ அந்த நாலு இலக்கத்தைக் கண்டால் வாயெல்லாம் பல். வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

இந்த நிலைமையில்தான் தங்கை வீட்டு விவகாரம் வந்து சேர்ந்தது.

புள்ளியக்காவின் தங்கை கணவர் அதே தொழிற்சாலையில் தலைமைக் கலவைக்காரர். மருந்துகளையும் தண்ணீரையும் அளந்து கலந்து ஊற்றுவது அவர் பொறுப்பு. தண்ணீர் கொஞ்சம் கூடினால் நுரை அதிகமாகப் பொங்கி ஃபோம் லேசாகிவிடும், குறைந்தால் இறுகிவிடும். மூட்டை தூக்குகிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக அந்தக் கலவை மேடையில் ஏறியவர். தலைமைக் கலவைக்காரருக்குத் தொழிற்சாலைக்குப் பின்புறம் ஒரு வீடு உண்டு. இரண்டு அறை, முன்னால் ஒரு எலுமிச்சை மரம். தங்கையின் உலகமே அந்த வீடுதான்.

அடுத்தடுத்து இரண்டு ஆஸ்பத்திரி பேட்ச் தேறாமல் போயின. முதலாவது 36, அதில் பேசுவதற்கே ஒன்றுமில்லை. போன மாதத்தது 39. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டவள் புள்ளியக்காதான். மேனேஜர் கலவை மேடைக்கே போய், எல்லோர் முன்னாலும் கலவைக்காரரை நிற்க வைத்துக் கத்தினார். மூன்றாவதும் தேறாவிட்டால் மேடையில் இருந்து இறக்கி மறுபடியும் மூட்டைக்கே அனுப்புவதாகவும், வீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். கலவைக்காரர் அன்று சாப்பிடவில்லை என்று தங்கை வந்து அழுதாள். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் அழுததுதான் புள்ளியக்காவை உறுத்தியது.

மூன்றாவது பேட்ச்சின் துண்டு மேசைக்கு வந்தது. நீளம் 10.2 சென்டிமீட்டர், அகலம் 10.2, தடிமன் 5.1. எடை 20.9 கிராம். இன்ஜினியர் கம்ப்யூட்டரில் தட்டினாள். 39.3891 என்று சிவப்பாக வந்தது.

புள்ளியக்கா தன் வழக்கப்படி காகிதத்தில் போட்டாள். எடை இரண்டு இலக்கத்தில் 21. பரப்பு 104, அதை 5.1ஆல் பெருக்கி, இரண்டு இலக்கத்தில் 530 கன சென்டிமீட்டர். இருபத்தொன்றை ஐந்நூற்று முப்பதால் வகுத்தால் 0.040. ஒரு கன மீட்டருக்கு நாற்பது கிலோ.

வேறு யாருடைய ஃபோமாக இருந்தாலும் அதே முறைதான், அதே விடைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதே முறையில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடினாள்.

மேனேஜர் வந்தார். சிவப்பைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு லாரி வாசலில் காத்திருந்தது. அவருக்கு வேண்டியது பச்சை. எது சரி என்று கேட்டார். அந்த 39.3891 வெறும் வேஷம், தடிமன் இரண்டு இலக்கம்தான், அதற்கு மேல் வருவதெல்லாம் மெஷின் தன் இஷ்டத்துக்கு எழுதுவது என்று புள்ளியக்கா எடுத்துச் சொன்னாள். கடைசி மூன்று இலக்கத்தைப் பொறுத்தவரை அக்கா சொல்வது நியாயம்தான் என்று இன்ஜினியரும் இழுத்தாற்போல ஒப்புக்கொண்டாள். மேனேஜருக்கு அது போதும். நாற்பது என்று கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் திரும்பினார்.

"தங்கச்சி வீட்டுக்காரர்னா புள்ளி கூட வளையும்போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அன்று நடந்ததெல்லாம் அவள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே நடந்தது. தண்ணீர் குடிக்கப் போனால், சொந்தம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஒருவர் பாராட்டினார். பேக்கிங் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிய இடைவேளையில் தங்கை பின்புற வீட்டில் இருந்து எலுமிச்சை ஜூஸோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நீ செஞ்சத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா."

"நான் ஒண்ணும் செய்யலடி. அளந்தேன், வகுத்தேன். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும். நீ அப்படித்தான் சொல்லுவ."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியம் காப்பவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். புள்ளியக்கா ஜூஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இருபது வருடமாக ஒரு கிராம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாமல் உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதையா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம்பாதவர்களுக்குக்கூடப் பதில் சொல்லிவிடலாம். நன்றி சொல்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரே வழிதான் இருந்தது. சின்னத் துண்டில் தடிமன் சரியாகத் தெரியவில்லை என்றால் பெரிய பலகையையே அளந்துவிடவேண்டும். ஐந்து சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பெரிய பிசகு. பதினைந்து சென்டிமீட்டரில் அவ்வளவு இல்லை. ஒரு முழு மெத்தைப் பலகையை எடைபோட்டு அளந்தால் மூன்று இலக்கம் தைரியமாகச் சொல்லலாம். நாற்பது என்று எல்லோர் மூக்கிலும் உரசிக் காட்டிவிட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். இன்ஜினியரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு லாரி நின்ற இடத்துக்குப் போனாள்.

அங்கே லோடு ஏற்றுகிறவர் பாதிப் பலகைகளை ஏற்றிமுடித்திருந்தார். ஒன்றை இறக்கச் சொன்னதும் முனகினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னதும் இன்னும் முனகினார்.

"தடிமன் எவ்வளவு?" என்று புள்ளியக்கா கேட்டாள்.

"ஆறு."

"ஆறு என்ன?"

"ஆறுதான்."

"ஆறு கிலோவா, ஆறு முழமா, ஆறு மணியா?"

லோடு ஏற்றுகிறவர் டேப்பைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். இத்தனை வருடமாக டேப்புக்கு இரண்டு பக்கம் இருப்பதைத் தான் கவனித்ததே இல்லை என்றார். இஞ்சும் முழு இஞ்ச் இல்லை. ஆறுக்கு ஒரு மயிரிழை குறைவு. புள்ளியக்கா டேப்பைப் பிடுங்கி, முட்டி போட்டு உட்கார்ந்து, நாலு மூலையிலும் தானே அளந்தாள். நீளம் 2.00 மீட்டர், அகலம் 1.00, தடிமன் 0.151. சரக்குத் தராசில் எடை 11.9 கிலோ. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கிற அதே யூனிட், கிலோவும் மீட்டரும். மாற்றுகிற வேலைகூட இல்லை. 11.9ஐ 0.302ஆல் வகுத்தாள்.

39.4.

இன்னொரு பலகையை இறக்கச் சொன்னாள். லோடு ஏற்றுகிறவர் முனகுவதையும் நிறுத்திவிட்டார். அதிலும் 39.4. மூன்றாவதில் 39.3.

புள்ளியக்கா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சரக்குத் தராசின் மேல் சந்தேகம் வந்து அதில் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். தராசு சரியாக இருந்தது. டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். டேப்பும் சரியாக இருந்தது. பழி போட வேறு எதுவும் அங்கே இல்லை.

சோதனை அறைக்குத் திரும்பி வந்து இருவரும் உட்கார்ந்தார்கள். காலையில் போட்ட கணக்கை ஒவ்வொரு வரியாகச் சொல்லுங்கள் அக்கா, எனக்கும் புரியவில்லை என்றாள் இன்ஜினியர்.

"எடை இருபத்தொண்ணு."

"தராசு இருபது புள்ளி ஒன்பதுன்னுதானே காட்டுச்சு?"

"தடிமன்ல ரெண்டு இலக்கம்தானே. அதனால எடையையும்..."

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 20.9ஐ 21 ஆக்கியபோது, துண்டில் இல்லாத ஃபோமைப் பேனாவாலேயே அதில் ஒட்டவைத்திருக்கிறாள். 530.6ஐ 530 ஆக்கியபோது, துண்டில் இருந்த இடத்தை அதே பேனாவால் சுரண்டி எடுத்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளிவிட்டன. விடையில் இரண்டு இலக்கம்தான் நிற்கும் என்பது சரி. ஆனால் வெட்டுவது விடையில் வெட்டவேண்டும். வருகிற வழியெல்லாம் வெட்டிக்கொண்டே வந்தால், விடை வந்துசேரும்போது அது வேறு ஒரு ஃபோமின் விடையாக இருக்கிறது.

எதையும் வெட்டாமல் வகுத்து, கடைசியில் ஒரே ஒருமுறை வெட்டினாள். முப்பத்தொன்பது.

"இதே தப்பை எத்தனை வருஷமா பண்ணிட்டு இருக்கேன்னு தெரியலையே" என்றாள், இன்ஜினியரிடமோ மேசையிடமோ.

முக்கால்வாசி நேரம் வெட்டினது இப்படியும் அப்படியுமாகச் சரியாகிப் போயிருக்கும், விளிம்பில் நிற்கிற பேட்ச்சில்தான் கவிழ்த்துவிடும் என்று இன்ஜினியர் ஆறுதலாகச் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டே அவளுக்கே ஏதோ தோன்றிவிட்டது. புது ப்ரோக்ராமைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் போன மாத அளவுகளை அவள் கம்ப்யூட்டரில் தட்டிவைத்திருந்தாள். விடையைப் பார்த்திருக்கவில்லை, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தாள். அதைத் திறந்தாள். போன மாதத் துண்டின் நீளம் 10.3, அகலம் 10.4, தடிமன் 5.2, எடை 22.4 கிராம். புள்ளியக்கா அதை 22 ஆக்கி, கன அளவை 560 ஆக்கி, வகுத்து, 39 என்று தேறாத பேட்ச்சாக ஒதுக்கியிருந்தாள். திரையில் 40.2137 என்று பச்சையாக நின்றது. நாலு இலக்கத்தையும் வெட்டி எறிந்தாலும் நாற்பதுதான்.

தேறிய பேட்ச்சுக்காக ஒரு மனிதரைக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கவைத்துக் கத்தியிருக்கிறார்கள். அந்த நல்ல ஃபோம் சோபா முதுகுகளுக்குப் போய் யார் யார் வீட்டிலோ உட்கார்ந்திருக்கிறது. தேறாத ஃபோம் வெளியே லாரியில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது.

புள்ளியக்கா முதலில் ஓடியது லாரிக்கு. டிரைவரின் கதவைப் பிடித்துக்கொண்டு, மேனேஜர் வரும்வரை வண்டியை எடுக்கக்கூடாது என்றாள். அப்புறம் மேனேஜரின் அறைக்குப் போனாள்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு விரலை மடக்கினார். முன்னே இரண்டு பேட்ச் தேறவில்லை, இது தேறியது. ஆக மொத்தம் இரண்டு. இப்போது அவள் சொல்கிறபடி பார்த்தால், போன மாதத்தது தேறியது, இது தேறவில்லை. ஆக மொத்தம் அதே இரண்டு. கலவைக்காரருடைய வேலை அப்படியே இருக்கிறது, வீடு அப்படியே இருக்கிறது.

"அப்புறம் எதுக்கும்மா லாரியை நிறுத்தின?"

"லாரியில இருக்கிறது முப்பத்தொன்பது சார்."

"காலையில நாப்பதுன்ன."

"காலையில நான் தப்பா வகுத்தேன்."

"ஒண்ணுதானே கம்மி. நீதானே கடைசி இலக்கத்தை ரொம்ப நம்பாதேன்னு சொல்லுவ?"

புள்ளியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபது வருடமாக இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை ஏறியதில்லை; இன்றைக்கு ஏறியிருக்கிறது, அதுவும் தலைகீழாக. துண்டை வைத்துக் காலையில் கேட்டிருந்தால் அந்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம், இப்போது முழுப் பலகைகளையே அளந்தாகிவிட்டது, மூன்றும் நாற்பதுக்குக் கீழே, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்றாள். காலையில் போட்ட கையெழுத்தை எடுத்துவிட்டதாகவும், வேறு யாராவது போட்டால் போடட்டும் என்றும் சொன்னாள். மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்தாள். மேனேஜர் போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு லோடு தாமதமாகும் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது புள்ளியக்காவைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

விஷயம் அவளுக்கு முன்பே பின்புற வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. எலுமிச்சை மரத்தடியில் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வேலை போகவில்லை, வீடு போகவில்லை என்று புள்ளியக்கா ஆரம்பித்தாள். தங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"போன மாசம் அவர் ஒழுங்காத்தான் ஊத்தியிருக்காரு. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ அவரை அத்தனை பேர் முன்னாடி தலைகுனிய வெச்சது நீதான்."

"நாந்தான்."

"மத்தியானம் அழுதுகிட்டே உனக்கு ஜூஸ் கொண்டுவந்தேனே."

செய்யாத உதவிக்கு நன்றி வாங்கியாயிற்று. லாரியை மறித்து, மேனேஜரைப் பகைத்துக்கொண்டு சரியான கணக்கைச் சொன்னதற்கு ஏச்சு. இதைவிட எரிச்சலான ஒரு நாள் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று தோன்றியது. ஆனால் இந்த ஏச்சை மறுத்துப் பேச வழி இல்லை. தங்கை சொன்னதில் வெட்டுவதற்கு ஒரு இலக்கம்கூட இல்லை.

"இதை என்கிட்ட சொல்லி என்னக்கா? அவரு நின்ன இடத்துல போய்ச் சொல்லு. அன்னிக்கு நின்ன அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க."

கலவை மேடையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கணவர் மேலே நின்று அடுத்த பேட்ச்சுக்கு வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். லாரி நின்றது அவருக்கும் தெரிந்திருந்தது; அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே அவருடைய ஆட்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள் புள்ளியக்கா. சத்தம் அடங்கியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் அவளுக்குக் குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது.

"போன மாச பேட்ச் நல்லாத்தான் இருந்துது. நாப்பது. அதை முப்பத்தொன்பதுன்னு எழுதினது என் தப்பு. இவரு மேல எந்தத் தப்பும் இல்ல."

பீப்பாயை உருட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். மேடையில் கலவைக்காரர் வால்வில் இருந்து கையை எடுத்தார். அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. அதோடு அவள் திரும்பிப் போயிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த மாசத்தது முப்பத்தொன்பது புள்ளி நாலு" என்றாள் புள்ளியக்கா. "இது தேறல. இதுல தண்ணி கூடிருக்கு. இது அவரு தப்பு."

கை தட்டியவர் பாதியில் நிறுத்தினார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, பீப்பாய்க்குப் பீப்பாய் தாவி, கடைசியில் கலவைக்காரரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா என்று கீழே இருந்து சரியாகத் தெரியவில்லை.

"ரெண்டாவதைச் சொல்லாம விட்டிருக்கலாம் அண்ணி" என்றார்.

"விட்டிருக்கலாம்தான்" என்றாள் அவள். "தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"வழக்கமா விடுறதுதான். ஒரு குடம் சொச்சம்."

புள்ளியக்கா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, மேடையின் இரும்புப் படியைப் பிடித்து ஏறிக்கொண்டே, அந்தக் குடத்தை எடுத்துக் காட்டச் சொன்னாள்.